ஏழு ஹாலிக்கு ஆறு கல்தார்

ஐதராபாத் நகருக்கும் சிக்கந்தராபாத்துக்கும் இடையே கிடப்பது உசேன் சாகர் ஏரி. அதன் கரைமீது நடந்து சென்றால் ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குச் சிறிது நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆயினும், நிஜாமின் ஆட்சிக் காலத்தில் அக்கரையைக் கடந்தவர்கள் ஒரு நாணயத்தை விட்டு மற்றொரு நாணயத்துக்குள் புகுந்தார்கள். ஐதராபாத்தில் வழங்கியது சார்மினார் உருவம் பொறித்த நிஜாமின் ரூபாய். அதற்கு ஹாலி என்று பெயர். பிரிட்டிஷ் படை தங்கியிருந்த சிக்கந்தராபாத்தில் வழங்கியது பிரிட்டிஷ் இந்திய ரூபாய். அதனை அவ்வூர் மக்கள் கல்தார் என்றார்கள். உருது மொழியில் ‘கல்’ என்றால் இயந்திரம். இயந்திரத்தில் அடித்த காசு ஆதலால் அது கல்தார் ஆயிற்று.

ஏழு ஹாலி ரூபாய் கொடுத்தால் ஆறு கல்தார் கிடைக்கும் என்பது கணக்கு. நூறு கல்தாருக்கு 116 ரூபாய் 10 அணா 8 பை ஹாலி. இக்கணக்கைச் சிக்கந்தராபாத் கடைக்காரர்கள் வாய்ப்பாடுபோல மனப்பாடமாக வைத்திருந்தார்கள். மதராஸ் படையைத் தொடர்ந்து அங்கே சென்று குடியேறிய தமிழர்களுக்கும் இது பழக்கமான கணக்கே. 1862இல் சோமசுந்தர முதலியார் அந்நகரில் தொடங்கிய பள்ளியே பின்னாளில் மகபூப் கல்லூரி என்று பெயர் பெற்றது என்பதிலிருந்து, தமிழர்கள் அங்கே எத்தனை பழங்குடிகள் என்பதை அறியலாம்.

இரண்டு நாணயங்கள் அருகருகே வழங்கியும் எவருக்கும் பெருந்துன்பம் நேரவில்லை. துன்பம் நேர்ந்தது 1947, 1948ஆம் ஆண்டுகளில்; ஐதராபாத் தனித்து நிற்கப்போவதாக அறிவித்த பின்னர். ஒரு நாடு தான் இணைந்திருந்த பொருளாதாரக் கூட்டிலிருந்து விலகினால் அதன் வாணிகம் என்ன ஆகும், அதன் மக்கள் எங்கே செல்வார்கள் என்னும் வினாவை, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய 2020ஆம் ஆண்டை ஒட்டி உலகம் முழுவதும் பேசிற்று. அந்த வினாவுக்கு ஒரு விடை அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தக்காணத்தில் எழுதப்பட்டிருக்கிறது. விலகுவதாகச் சொல்வதற்கு ஒரு நாள் போதும். பல ஆண்டுகளாக ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த இழைகளைப் பிரிப்பதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகள் கிடைக்காதபோது முதல் அடி விழுவது கஜானாவின்மேல் அன்று, எல்லையோரத்தில் வாழ்பவர்மேல்தான்.

ஐதராபாத்தை நாடு என்று சொல்லலாமா என்று சிலர் வினவக்கூடும். சட்ட நூலார் அதுபற்றி வாதிடட்டும். அதன் பரப்பு 82,000 சதுர மைலுக்கு மேல். 1941ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மக்கள் தொகை ஏறக்குறைய 1 கோடியே 63 லட்சம். சொந்த நாணயம், சொந்தத் தபால் தலை, சொந்த ரயில்வே, 1941ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய சொந்த அரசாங்க வங்கி ஆகிய அனைத்தும் அதற்கு இருந்தன. ‘கரோர்கிரி’ எனப்பட்ட சுங்க இலாகாவும் இருந்தது. எல்லையைத் தாண்டும் சரக்குக்கு நூற்றுக்கு 5 வீதம் சுங்கம் என்ற வரம்பு, கிழக்கிந்தியக் கம்பெனியோடு 1802இல் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையிலிருந்து வந்தது.

இவ்வளவும் இருந்த இராச்சியத்துக்கு இல்லாதது ஒன்றுதான்: கடற்கரை. உப்பு, மதராஸ் கரையிலிருந்தும் பம்பாய்க் கரையிலிருந்தும் வரவேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல், இயந்திரங்கள், மருந்துகள் ஆகியவை துறைமுகங்களில் இறங்கிப் பிரிட்டிஷ் இந்திய மண்ணைக் கடந்தே வரவேண்டும். தெலுங்கானாவின் ஆமணக்கும், மராத்வாடாவின் பருத்தியும், நிலக்கடலையும் அதே வழியாக வெளியே செல்லவேண்டும். அரசாங்கத்தின் சேமிப்பிலும் பெருந்தொகை இந்திய அரசின் கடன் பத்திரங்களாக இருந்தது. எல்லையோரத்துக் குடியானவனோ வண்டி கட்டிக்கொண்டு அக்கரைச் சந்தைக்குப் போய்வந்தான். அவனிடம் எவரும் அனுமதிச் சீட்டுக் கேட்டதில்லை. தனி நாணயமும் தனிச் சுங்கமும் கண்ணுக்குத் தெரிந்தன. அவற்றைத் தாங்கி நின்ற பொது ஏற்பாடு கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாத பொருளின் அருமை அது போன பின்னரே விளங்கும்.

பிரிட்டிஷார் வெளியேறும்போது தாம் இந்தியாவிலோ பாகிஸ்தானிலோ சேரப்போவதில்லை என்று நிஜாம் உஸ்மான் அலிகான் 1947 ஜூன் மாதம் அறிவித்தார். பேச்சுகள் நீண்டன. நவம்பர் 29ஆம் நாள் இந்திய அரசுக்கும் நிஜாமுக்கும் ‘நிலைமை நீடிப்பு ஒப்பந்தம்’ கையெழுத்தாயிற்று. ஆகஸ்ட் 15க்கு முன்னர் பொது விவகாரங்களில் நிலவிய ஏற்பாடுகள் யாவும் ஓராண்டுக்கு அவ்வாறே தொடரும் என்பது அதன் சாரம். பிணக்குகளைத் தீர்க்க ஓராண்டு அவகாசம் கிடைத்தது என்றே பலரும் எண்ணினர்.

அந்த மை உலர்வதற்குள் ஐதராபாத் அரசு இரு அவசரச் சட்டங்களைப் பிறப்பித்தது. பொன் வெள்ளி முதலிய உயர்ந்த உலோகங்களை இந்தியாவுக்கு அனுப்புவதற்கு ஒன்று தடை விதித்தது. இந்திய நாணயம் சமஸ்தானத்தில் சட்டப்படி செல்லுபடியாகாது என்றது மற்றொன்று. பாகிஸ்தானுக்கு 20 கோடி ரூபாய் கடன், அதுவும் இந்திய அரசின் பத்திரங்களாகவே, கொடுக்கப்பட்டது என்ற செய்தியும் வெளிவந்தது. இவை ஒப்பந்தத்துக்கு முரணானவை என்று டில்லி குற்றம் சாட்டிற்று. ஒப்பந்தத்தை முதலில் மீறியது இந்தியாவே, சரக்குகளை வரவிடாமல் தடுக்கிறது என்று ஐதராபாத் திருப்பிச் சொல்லிற்று.

நாணயச் சட்டத்தின் பொருளை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். சிக்கந்தராபாத்தில் ஒரு ஜவுளி வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சரக்கு வாங்குவது சென்னையில், கொடுக்கவேண்டியது கல்தார். விற்பது ஐதராபாத்திலும் வாரங்கல்லிலும். கைக்கு வருவது ஹாலி. ஏழுக்கு ஆறு என்று எவரும் எப்போதும் மாற்றித் தருவார்கள் என்ற நம்பிக்கை இருக்கும்வரை அவருக்கு இரண்டும் ஒரே பணந்தான். கல்தார் செல்லாது என்ற மறுநாளே ஹாலி அவர் பெட்டியில் குவியும். சென்னைக்கு அனுப்பக் கல்தார் அகப்படாது. மாற்றித் தருபவன் எட்டுக் கேட்பான். வியாபாரி சரக்கின் விலையை உயர்த்துவார், அல்லது சரக்கே தருவிக்காமல் இருப்பார். வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடி என்று நாம் இன்று பெரிய சொற்களால் குறிக்கும் நோய் ஒரு துணிக்கடையில் தொடங்கும் விதம் இதுவே.

சரக்குத் தடை 1948இன் நடுவில் கடுமையாயிற்று. ஜூன் மாதத்தில் பேச்சுவார்த்தை முறிந்தது. மவுண்ட்பேட்டன் பிரபுவும் அம்மாதத்தில் இந்தியாவை விட்டுச் சென்றார். ஆயுதங்களைத் தவிர வேறெதற்கும் தடை இல்லை என்பது இந்தியத் தரப்பு. உப்பும், எண்ணெயும், மருந்தும், குடிநீரைத் தூய்மைப்படுத்தும் குளோரினும்கூட வருவதில்லை என்பது ஐதராபாத்தின் முறையீடு. ஆகஸ்ட் மாதத்தில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபைக்கும் அது சென்றது. உண்மை இரண்டுக்கும் நடுவே இருந்தது என்றே தோன்றுகிறது. மேலிடம் உத்தரவிடாவிட்டாலும், எல்லையில் உள்ள ஓர் அதிகாரி ஒரு வாகனைத் தாமதப்படுத்தலாம். ஓர் உரிமச் சீட்டுக்கு விடையளிக்காமல் இருக்கலாம். தடை என்று எழுதப்படாத தடைக்கு மேல்முறையீடும் கிடையாது.

இத்துணைத் துன்பமும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே உரியது என்று கருதுவது பிழை. சென்னையிலிருந்து பம்பாய் செல்லும் இருப்புப் பாதை ராய்ச்சூர், வாடி வழியாக நிஜாமின் மண்ணில் ஓடியது. சென்னையிலிருந்து டில்லி செல்லும் பாதையும் வாரங்கல், காஜிப்பேட்டை வழியே அம்மண்ணைக் கடந்தது. சிங்கரேணி நிலக்கரி தென்னாட்டு ரயில் எஞ்சின்களுக்கு வேண்டியிருந்தது. 1948 மே 22ஆம் நாள் கங்காபூர் நிலையத்தில் சென்னை – பம்பாய் மெயில் தாக்கப்பட்டபோது, ‘உள்நாட்டு விவகாரம்’ என்று பேசப்பட்டது சென்னையிலும் பம்பாயிலும் தந்தி அலுவலக வாயில்களில் கவலையாய் மாறிற்று. பின்னிய இழையை எந்தப் பக்கம் இழுத்தாலும் மறுபக்கமும் இழுபடும்.

கடலுக்கு ஒரு வழி காண நிஜாமின் அரசு முயலாமல் இல்லை. போர்த்துகீசியர் வசமிருந்த கோவாவின் மர்மகோவா துறைமுகத்தின் மீது அதற்கு நெடுநாள் நாட்டம் உண்டு. ஆனால் வரைபடத்தை விரித்தால் அந்த முயற்சியின் குறை உடனே விளங்கும். மர்மகோவாவிலிருந்து ஹூப்ளி, கதக் வழியாக வரும் ரயில் நிஜாமின் எல்லையை அடையுமுன் பம்பாய் மாகாணத்தைக் கடந்தே ஆகவேண்டும். துறைமுகத்தை விலைக்கு வாங்கலாம். இடையிலுள்ள நிலத்தை வாங்க முடியாது. தரைவழி அடைபட்டபின் எஞ்சியது வான்வழி. சிட்னி காட்டன் என்னும் ஆஸ்திரேலிய விமானி கராச்சியிலிருந்து இரவோடிரவாக விமானங்களில் ஆயுதங்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஒன்றரைக் கோடி மக்களுக்கு வேண்டிய உப்பை அவ்வழியே இறக்க இயலுமா?

இங்கே பர்மாவை நினைவுகூர்வது பொருந்தும். 1937 ஏப்ரல் 1ஆம் நாள் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. ரங்கூன் அரிசியை உண்டும், செட்டிநாட்டு வட்டிக்கடைகளை அங்கே நடத்தியும் வந்த தமிழ்நாட்டுக்கு அது சிறிய செய்தி அன்று. எனினும், பிரிவினையோடு கூடவே ஒரு முன்னேற்பாடும் செய்யப்பட்டது. சில ஆண்டுகளுக்கு இரு நாடுகளுக்குமிடையே சுங்கமின்றிச் சரக்குச் செல்லலாம், குடியேற்றத்துக்கும் புதிய தடை இல்லை, ரூபாயும் வழங்கும். குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் 1941இல்தான் வந்தது. அது நம்மவரின் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. அதன் பின் ஜப்பானியப் படையெடுப்பு எல்லாக் கணக்குகளையும் கலைத்துவிட்டது. ஆயினும், 1937 ஏப்ரல் 2ஆம் நாள் ரங்கூனில் எந்தக் கடையும் மூடப்படவில்லை. அவகாசத்தின் மதிப்பு அது. ஐதராபாத்துக்கு எழுத்தில் கிடைத்த ஓராண்டு, பத்து மாதங்கூட முழுமையாக ஓடவில்லை.

இனி மக்களைப் பற்றிச் சொல்லவேண்டும். சரக்கு நின்றால் மக்கள் நகரத் தொடங்குவார்கள். ஆயினும், ஐதராபாத்தில் நிகழ்ந்த இடப்பெயர்ச்சிக்கு வாணிகத் தடை மட்டும் காரணம் என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். அச்சமே முதற் காரணம். காசிம் ரஸ்வியின் தலைமையில் இயங்கிய ரஜாக்கர்களின் கொடுமைகளுக்கு அஞ்சி ஏராளமான குடும்பங்கள் எல்லையைத் தாண்டி மதராஸ், பம்பாய், மத்திய மாகாணப் பகுதிகளுக்கு ஓடின. விஜயவாடாவும் சோலாப்பூரும் அகதிகளால் நிறைந்தன. அதே மாதங்களில், பிரிவினைக் கலவரங்களால் நிலைகுலைந்த முஸ்லிம் குடும்பங்கள் அண்டை மாகாணங்களிலிருந்து நிஜாமின் நாட்டைப் புகலிடமாக நாடி உள்ளே வந்தன. ஒரே சாலையில் ஒரு கூட்டம் வெளியே செல்ல, மற்றொரு கூட்டம் உள்ளே வந்தது. உணவும் உப்பும் எண்ணெயும் குறைந்துகொண்டிருந்த நாட்டில், உண்ணும் வாய்கள் எத்தனை என்பதே எவருக்கும் தெரியாத நிலை உண்டாயிற்று.

1948 செப்டம்பர் 13ஆம் நாள் இந்தியப் படை நுழைந்தது. 17ஆம் நாள் நிஜாமின் அரசு பணிந்தது. போர் ஐந்து நாட்களில் முடிந்தது என்று பாடநூல்கள் சொல்கின்றன. அதன் பின் நிகழ்ந்த வன்முறையில் உயிரிழந்தோர் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று பண்டித சுந்தர்லால் தலைமையில் சென்ற குழு மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படாமலே கிடந்தது. மற்றோர் இடப்பெயர்ச்சி அப்போது தொடங்கிற்று. உத்தியோகஸ்தர்களும், படை வீரர்களும், பட்டதாரிகளும் கராச்சிக்குப் புறப்பட்டனர். இன்றும் கராச்சியில் ஐதராபாத் காலனி என்று ஒரு பகுதி உண்டு. தக்காணத்துப் புளிக்குழம்பும் ஊறுகாயும் அங்கே இன்னமும் கிடைக்கின்றன.

விலகியபோது நேர்ந்தவற்றைச் சொன்னோம். சேர்த்துக்கொண்டபோது செய்யப்பட்டவற்றையும் நோக்கவேண்டும். ஏனெனில் அதில்தான் பாடம் இருக்கிறது. வென்ற அரசு மறுநாளே ஹாலியை ஒழித்துவிடவில்லை. ஏழுக்கு ஆறு என்ற பழைய கணக்கையே வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் இரண்டையும் வழங்கவிட்டு, 1950களில் படிப்படியாக ஹாலியை விலக்கிற்று. நிதித்துறை இணைப்பு 1950 ஏப்ரல் 1ஆம் நாள் நிகழ்ந்தது. ரயில்வே மத்திய அரசுக்குச் சென்றது. சமஸ்தான எல்லைச் சுங்கத்தையும் உடனே நிறுத்தவேண்டியதில்லை என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 306ஆம் பிரிவு இடந்தந்தது. வருவாய்க்கு மாற்று வழி தேடிக்கொள்ளச் சமஸ்தானங்களுக்கு அது அவகாசம் அளித்தது. மண்பானையில் ஹாலி நாணயங்களைச் சேர்த்து வைத்திருந்த ஒரு கிழவியின் சேமிப்பு இந்த நிதானத்தால் காப்பாற்றப்பட்டது. 1947இல் அவசரச் சட்டம் எழுதியவர்களுக்கு இந்த நிதானம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

எனினும், சேர்க்கையும் ஒரு குடிப்பெயர்ச்சியைக் கொண்டுவந்தது. புதிய நிருவாகத்துக்கு மதராஸ், பம்பாய் மாகாணங்களிலிருந்து அதிகாரிகளும் எழுத்தர்களும் ஆசிரியர்களும் வந்தனர். ஆங்கிலம் கற்றவர்களுக்கு அங்கே கிராக்கி. உருதுவில் கற்ற உள்ளூர் இளைஞர் வாயிலில் நின்றனர். பதினைந்தாண்டு வசித்தவருக்கே அரசுப் பணி என்று கூறும் முல்கி விதி 1919ஆம் ஆண்டு முதலே இருந்தது. ஆனால் விதிக்குப் பொய்ச் சான்றிதழ்கள் புறவாயில் திறந்தன. 1952 செப்டம்பரில் மாணவர் கிளர்ச்சி மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. அப்போது தெருவில் எழுந்த முழக்கங்களுள் ஒன்று ‘இட்லி சாம்பார், திரும்பிப் போ’ என்பதாகும். நம்மவருக்கு அது சிரிப்பாக இருக்கலாம். வேலையின்றி நின்ற இளைஞருக்கு அது சிரிப்பாக இல்லை. அந்தக் குறை 1969இலும் மீண்டும் எழுந்து, 2014இல் தெலுங்கானா தனி மாநிலம் ஆகும்வரை தொடர்ந்தது.

பிரிட்டனுக்கு இப்போது திரும்பலாம். 2016 ஜூன் 23ஆம் நாள் வாக்களித்து, 2020 ஜனவரி 31ஆம் நாள் விலகி, அவ்வாண்டு டிசம்பர் இறுதி வரை பழைய விதிகளையே கைக்கொண்டது அந்நாடு. இடைக்கால ஏற்பாடு இருந்ததனால் உப்புக்குப் பஞ்சம் வரவில்லை. ஆனால் கரோர்கிரி வந்தது: முன்பு தடையின்றிச் சென்ற லாரிகளுக்குச் சுங்கப் பத்திரங்கள் தேவைப்பட்டன. வட அயர்லாந்துக்குச் செல்லும் சரக்கை எங்கே சோதிப்பது என்ற வினா பல ஆண்டுகள் அரசுகளை அலைக்கழித்தது. வேலையாட்கள் குறைவார்கள் என்று எண்ணி விலகலை ஆதரித்தவர்கள் பலர். ஐரோப்பாவிலிருந்து வருவோர் குறைந்தனர். அவர்கள் இடத்தை வேறு நாட்டவர் நிரப்பினர். இந்தியாவிலிருந்து சென்ற மாணவர்கள் பெருகினர். அவர்களுள் ஐதராபாத் இளைஞர்களும் ஏராளம். ஒரு வாயிலை அடைத்தவர்கள் மற்றொரு வாயில் திறப்பதைக் கண்டு வியந்தார்கள்.

மக்களும் சரக்கும் போலப் பணமும் இடம்பெயரும். 1948 செப்டம்பரில் லண்டன் வங்கி ஒன்றில் நிஜாமின் அரசுக் கணக்கில் இருந்த 10 லட்சத்து 7,940 பவுனும் 9 ஷில்லிங்கும் அங்கிருந்த பாகிஸ்தான் ஹைகமிஷனரின் பெயருக்கு மாற்றப்பட்டன. சில நாட்களில் நிஜாம் அதனைத் தம் அனுமதியின்றிச் செய்ததாகக் கூறித் திருப்பிக் கேட்டார். வங்கி எவருக்கும் கொடுக்கவில்லை. நிஜாம் காலமானார்; வழக்கு காலமாகவில்லை. 2019 அக்டோபர் 2ஆம் நாள் லண்டன் உயர் நீதிமன்றம், இந்தியாவுக்கும் நிஜாமின் வழித்தோன்றல்களுக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அத்தொகை ஏறக்குறைய மூன்றரைக் கோடி பவுனாக வளர்ந்திருந்தது.